ஏற்காடு இறக்கத்தில் என் பிக்கப்பின் பிரேக் போன கதை

பழைய பிக்கப் ஒன்றை வாங்கப் போனபோது, விற்றவரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவு லோடு இழுக்குமுங்க?" அவர் பின் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "ரெண்டு டன் அலட்டிக்காம இழுக்குமுங்க, எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். பட்டை என்றால் அச்சின் மேல் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை. பின் அச்சில் கம்பெனிப் பட்டைகளோடு கூடுதலாக இரண்டு பட்டைகள், புது பெயின்ட் வாசம் போகாமல் இருந்தன. 4,60,000 ரூபாய் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அதே தாளில் எடை பற்றி இரண்டு எண்கள் இருந்தன. அவற்றைப் படிக்க எனக்கு எட்டு மாதமும் இரண்டு லட்ச ரூபாயும் ஆயிற்று.

நான் சேலத்தில் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். சிமென்ட், கம்பி, கான்கிரீட் போட அடியில் விரிக்கிற சென்டரிங் ஷீட் என்று தினமும் ஏதாவது ஒன்று இடம் மாற வேண்டும். ஒரு நடைக்கு வாடகை வண்டிக்காரருக்கு ஆயிரத்து எண்ணூறு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போய்த்தான் சொந்த வண்டி வாங்கினேன். பக்கத்திலேயே சங்ககிரி, நாமக்கல் என்று லாரித் தொழிலில் ஊறினவர்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நமக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே, இதில் என்ன கேட்க இருக்கிறது என்ற நினைப்பு.

முதல் சில மாதங்கள் ராஜ வாழ்க்கை. 1.3 டன் என்று சொல்லி விற்கிற வண்டியில் 40 மூட்டை சிமென்ட் ஏற்றினேன். மூட்டை 50 கிலோ, ஆக இரண்டு டன். வண்டி முனகாமல் போனது. கூடுதல் பட்டை இருந்ததால் பின்பக்கம் தாழவும் இல்லை. பார்க்கிறவருக்கு வண்டியில் பாரம் இருப்பதே தெரியாது. அந்தப் பட்டைகள் செய்த பெரிய கெடுதல் அதுதான். சாதாரண வண்டியாக இருந்தால் பின்பக்கம் உட்கார்ந்து, "போதும்டா" என்று சொல்லியிருக்கும். என் வண்டியின் வாயை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள்.

எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நாலு மாதத்துக்குள் பின் டயர் இரண்டும் ஒவ்வொன்றாக வெடித்தன. புது டயருக்கு 15,000 ரூபாய் ஆனது. ரோடு சரியில்லை என்று ரோட்டைத் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் பைபாஸில் நிறுத்தி எடை மேடைக்கு அனுப்பினார்கள். அன்றும் 40 மூட்டை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அதிக பாரத்துக்கு 194-வது பிரிவில் அபராதமே 20,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அதிகப்படி மூட்டைகளை இறக்கிவைக்காமல் வண்டியை எடுக்கவும் விடமாட்டார்கள், இறக்குகிற செலவும் நம் தலையில்தான். எடை போட மறுத்தால் அதற்குத் தனியாக 40,000. நான் 22,000 கட்டிவிட்டு, வெயிலில் இருபது மூட்டையை இறக்கி, 2,500 கொடுத்து இன்னொரு வண்டி பிடித்தேன். எடைச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எல்லா எண்ணும் அதில் அச்சாகியிருந்தது. நான் படித்தது அபராதத் தொகையை மட்டும்தான். "நேரம் சரியில்லை" என்று வீட்டில் சொன்னேன். மறுவாரம் வேறு ரோட்டில் போக ஆரம்பித்தேன்.

இனி அந்த நாள். போன ஐப்பசி, ஏற்காட்டில் ஒரு வீட்டு வேலை முடிந்திருந்தது. கீழே கொண்டுவர வேண்டியவை 80 சென்டரிங் ஷீட், அதற்கு முட்டுக் கொடுக்கிற 50 ஜாக்கி, கொஞ்சம் பலகை, அப்புறம் வாடகைக்கு எடுத்திருந்த கலவை மெஷின். ஷீட்டை அடுக்கினால் உயரமே வராது, இரும்பு அல்லவா. தொட்டியில் பாதிகூட நிறையவில்லை. "இன்னும் இடம் இருக்குண்ணா" என்றான் கூட வந்த தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வைக்கோல் ஏற்றினால் வண்டிக்கு மேல் ஆள் உயரம் நிற்கும், பாரம் பெரிதாக இருக்காது. இரும்பு முழங்கால் உயரத்திலேயே வண்டியைக் கொன்றுவிடும். ஷீட் 15 கிலோ, ஜாக்கி 13 கிலோ என்று அன்றே மனக்கணக்குப் போட்டிருந்தால், 1,200-ம் 650-ம் சேர்ந்து பலகையோடு 1,950 கிலோ என்று வந்திருக்கும். கலவை மெஷினை வண்டியின் பின்புறம் ஒரு இரும்பு பின்னால் கோத்து மாட்டினோம். அது 860 கிலோ. அதற்கு பிரேக்கும் கிடையாது, பின் விளக்கும் கிடையாது. ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மெதுவாக இழுத்துப் போக உண்டானது. இரண்டாம் நடைக்கு இன்னொரு நாள் ஆகும், மெஷினுக்கு இன்னொரு நாள் வாடகை ஏறும் என்று கணக்குப் பார்த்தேன்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை இருக்கும். இறங்கும்போது அந்த எண்கள் குறைந்துகொண்டே வரும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தபடி இறங்கினேன். பதினாலாவது வளைவு வாக்கில், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. மெஷின்தான். வண்டி வேகம் குறைகிறது, அது குறைவேனா என்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். வளைவில் ஸ்டியரிங் லேசாக, பொம்மை கார் ஓட்டுகிற மாதிரி திரும்பியது. பாரத்தை முன்பக்கம் ஒட்டி அடுக்காமல் பின் கதவு ஓரமாக அடுக்கியிருந்தோம். பின் அச்சுக்குப் பின்னால் இறங்குகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங்குக்கும் முன் பிரேக்குக்கும் பிடிப்பு எங்கிருந்து வரும்?

பதினொன்றில் கருகல் வாடை வந்தது. முன்னால் போன பஸ்ஸின் வாடை என்று நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன் என்று சொல்வதுதான் உண்மை. ஒன்பதில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தடவை அடித்து அடித்து மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. எட்டாவது வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது, வண்டி கேட்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் பிடிப்பது சக்கரத்தோடு சுற்றிச் சூடேறிக் கிடக்கிற அதே பின் பிரேக் டிரம்மைத்தானே, பிரயோஜனம் இல்லை. இரண்டாவது கியரைத் திணித்தேன். இன்ஜின் அலறியது, வேகம் கொஞ்சம் அடங்கியது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலைச்சுவரும் அதன் காலில் வாய்க்காலும். இடதுபக்கச் சக்கரங்களை வாய்க்காலில் இறக்கிச் சுவரோடு உரசவிட்டேன். முப்பது நாற்பது அடி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. அந்தக் கடைசி நொடியில் மெஷின் பின்னால் வீசி அடித்து, பின்னை ஒடித்துக்கொண்டு, ரோட்டின் குறுக்கே புரண்டு எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் மோதியது. எதிரே மேலேறி வந்த பைக்கில் ஒரு பையனும் பெண்ணும். இருபதடி தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் இன்னும் இரண்டு நொடி முன்னால் வந்திருந்தால் என்ற கணக்கை மட்டும் நான் இன்றுவரை போட்டு முடிக்கவில்லை.

எனக்குக் கை நடுங்கவில்லை, அழுகையும் வரவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தம்பிதான் கையை நீட்டி நிறுத்தினான். இறங்கி வாந்தி எடுத்தான். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு குட்டியோடு உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரத்திலிருந்து புகை வந்தது. யாரோ பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனார்கள், பின்னால் நின்ற லாரி டிரைவர் ஓடி வந்து தடுத்தார். "கொதிக்கிற டிரம்முல பச்சத் தண்ணி ஊத்துனா வெடிச்சுப் போயிருமுங்க, தானா ஆறட்டும்" என்றார். வீட்டில் மூன்று நாள் சொல்லவில்லை. வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன்.

பட்டறையில் டிரம்மைக் கழற்றிய பெரியவர், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவை என் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க" என்றார். சொரசொரவென்று இருக்க வேண்டிய லைனிங் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பிரேக் ஆயில் டீத் தண்ணீர் நிறத்தில். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். மாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். புதிதாக ஊற்றிய டாட் 3 ரக ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே கணக்கு 140 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால், நாம் மிதிப்பது அந்த ஆவிக் குமிழியைத்தான். பெடல் உள்ளே போகும், ஷூவுக்கு அழுத்தம் போய்ச் சேராது. பட்டையைப் பற்றியும் அவர்தான் சொன்னார். "பட்டை போட்டா வண்டி குனியாது, அவ்வளவுதான். ஆக்சில் அதேதான், பேரிங் அதேதான், டிரம் அதேதான். எவ்வளவு இழுக்கும்னு எல்லாரும் கேக்கறீங்க, எவ்வளவு பாரம் இருந்தா நிக்கும்னு ஒருத்தரும் கேக்கறதில்லையே."

இது உறைத்த பிறகு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஆயிரத்து நூறு மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். அன்று என் வண்டி, ஆட்கள், பாரம், மெஷின் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 4,800 கிலோ. அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது எங்கேயாவது சூடாக வெளியேற வேண்டிய சக்தி, சுமார் 175 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதாவது ஒரு பேரல் தண்ணீர். கியரைக் குறைத்தால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது கியரில் பிரேக்கை நம்பி இறங்கினால், ஒரு பேரல் தண்ணீருக்கான அடுப்பை நாலு சக்கரத்துக்குள் மூட்டுகிறோம். ஏறும்போது வண்டி திணறினால் நமக்குத் தெரியும், மூச்சு வாங்கும், புகை கக்கும். இறக்கத்தில் அந்தத் திணறல் வெளியே தெரிவதில்லை. பெடல் உள்ளே போகும்போதுதான் தெரியும்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் பில் 1,18,000. தேய்மானம் கழித்து அவர்கள் ஒத்துக்கொண்டது 72,000. அதிக பாரம் என்பதால் அதிலும் 75 சதவீதம்தான் என்றார்கள். கையில் வந்தது 54,000. வாதாடிப் பார்த்தேன், எடைச் சீட்டை நீட்டினார்கள், வாயை மூடிக்கொண்டேன். கலவை மெஷினுக்குக் காப்பீடே இல்லை. அதன் சொந்தக்காரருக்கு 55,000 கொடுத்துத் தீர்த்தேன். கிரேன் 8,500. வண்டி பட்டறையில் கிடந்த 38 நாளில் வாடகை வண்டிக்கு 41,000. என் கையைக் கடித்த ரிப்பேர்ப் பணம் 64,000, பழைய அபராதம், அன்று பிடித்த இன்னொரு வண்டி, டயர் எல்லாம் கூட்டினால் 2,08,000. ஓவர்லோடு அடித்து நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்றும் பார்த்தேன். எட்டு மாதத்தில் ஐம்பது நடை குறைந்திருக்கலாம், நடைக்கு டீசலும் கூலியும் ஆயிரத்து நூறு என்றால் 55,000.

வண்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றினேன். இதை எல்லாரும் ஒரு தடவையாவது செய்ய வேண்டும், நூறு இருநூறு ரூபாய் வேலை. ஆர்.சி.யில் காலி எடை 1,680, பாரத்தோடு அதிகபட்சம் 2,990 என்று இருக்கிறது. கழித்தால் 1,310. இதைத்தான் 1.3 டன் என்று சொல்லி விற்கிறார்கள். மேடையில் என் காலி வண்டி காட்டியது 1,840. பழைய சொந்தக்காரர் உயர்த்திக் கட்டிய இரும்புப் பாடி, கூடுதல் பட்டை, தரையில் அடித்த தகடு என்று 160 கிலோ சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. போதாததற்கு, சட்டம் காலி எடை என்று சொல்வதில் டிரைவரும் உதவியாளும் சேரமாட்டார்கள். நான் 78 கிலோ, தம்பி 60. அதையும் கழித்தால் என் 1.3 டன் வண்டியில் நியாயமாக ஏற்றக்கூடியது 1,012 கிலோ. சிமென்ட் என்றால் இருபது மூட்டை. நான் நாற்பது ஏற்றிக்கொண்டிருந்தேன்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதையும் குனிந்து பாருங்கள். என் டயரில் 106 என்று இருக்கிறது. அது காற்றழுத்தமோ தேதியோ இல்லை. 106 என்றால் அந்த டயர் 950 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். 100 என்றால் 800 கிலோ. பின்னால் இரண்டு டயர், ஆக 1,900. அதுவும் காற்று சரியாக இருந்தால். காலி வண்டியிலேயே பின் அச்சில் 700 கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் அன்றைய பாரம் ஏறினால் 2,600-க்குக் குறையாது. நாலு மாதத்தில் டயர் வெடித்ததற்கு ரோட்டைத் திட்டினேன் என்று சொன்னேனே, அந்த ரோட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எடை தெரியாத சரக்கு என்று ஒன்று கிடையாது, கேட்காத சரக்குதான் உண்டு. கம்பிக்குக் கொத்தனாருக்கே தெரிந்த வாய்ப்பாடு இருக்கிறது. மில்லிமீட்டர் விட்டத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எம்-சாண்ட் ஒரு கன அடி 45 கிலோ வாக்கில் வரும், நனைந்திருந்தால் இன்னும் ஏறும். அரை யூனிட் என்று வாய் சுலபமாகச் சொல்லிவிடும், அது ஐம்பது கன அடி, இரண்டே கால் டன். கோடையில் பிக்கப்பில் 2,000 லிட்டர் டேங்கை வைத்துத் தண்ணீர் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு டன் எடை, அதுவும் வளைவில் தானாக ஒரு பக்கம் சாய்கிற எடை.

இழுத்துப் போவது பற்றி ஒன்று. அமெரிக்காவில் இருக்கிற அக்கா பையன், பிக்கப் ஒன்று பெரிய படகை இழுத்துப் போகிற வீடியோவை அனுப்பி, "மாமா, இது நாலு டன் இழுக்கும்" என்கிறான். இழுக்கும், ஆனால் அங்கே அந்த டிரெய்லருக்கே தனி பிரேக் இருக்கும். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ, அல்லது இழுக்கிற வண்டியின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. அதே வண்டி, பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரைகூட இழுக்கலாம். முதுகில் முழு பாரத்தையும் ஏற்றி, பின்னால் முழு எடையையும் சேர்த்து இழுக்கவும் முடியாது. வண்டி, டிரெய்லர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த எல்லை வைத்திருப்பார்கள், ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். நான் இரண்டையும் ஒரே நாளில், மலை இறக்கத்தில், மழையில் செய்தேன்.

இப்போது மலைக்குப் போனால், ஏறும்போது போட்ட கியருக்கு மேல் இறங்கும்போது போடுவதில்லை. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், அழுத்தமாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுகிறேன், டிரம் ஆற நேரம் கிடைக்கும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன். பாதி வழியில் ஒரு டீ. கருகல் வாடை வந்தால் அது என் வண்டிதான் என்று வைத்துக்கொண்டு ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுகிறேன். பிரேக் ஆயிலை மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றுகிறேன். கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றி வாங்கிவிட்டேன். முதல் வாரம் வண்டி பாரத்தில் குனிவதைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது. கலவை மெஷினைத் தனி வண்டியில் ஏற்றித்தான் அனுப்புகிறேன்.

போன மாதம் அதே ஏற்காட்டிலிருந்து இன்னொரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். சாமான் ஏற்றி இறக்குகிற செலவை நடைக் கணக்கில் சொன்னேன். "போன தடவை ஒரே நடையில முடிச்சீங்களே, இப்ப ரெண்டு நடைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் கூப்பிட்டவர். நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்தில் நின்ற தம்பி, "அந்த ஒரு நடை இன்னும் முடியலைங்க, இப்பவும் கடன் கட்டிட்டுத்தான் இருக்கோம்" என்றான்.